கோணல் தீர்க்கும் நூல்

உலகத்துப் பொருள்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். பழசாகப் பழசாக மதிப்புக் குறைகிறவை ஒரு வகை. பழசாகப் பழசாக மதிப்பு ஏறுகிறவை மற்றொரு வகை. ஊறுகாய், வீணை, சிநேகிதம் ஆகிய மூன்றும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை என்பதில் அபிப்பிராய பேதம் இல்லை. மோட்டார் வண்டி எந்த வகை என்பதில்தான் தகராறு. முதல் இருபது முப்பது வருஷம் வரையில் அது சந்தேகமில்லாமல் முதல் வகையில் இருக்கிறது. அதற்குப் பிறகும் அதைப் பழைய இரும்புக்குப் போடாமல் யாராவது கொட்டகையில் வைத்துக் காப்பாற்றி வந்தால், மெள்ள மெள்ள இரண்டாவது வகைக்கு வந்து சேருகிறது. அப்போது "ஓட்டை வண்டி" என்ற பெயர் மறைந்து, "கிளாஸிக் கார்" என்ற பட்டம் கிடைக்கிறது. மனிதர்களில்கூடச் சிலருக்கு இந்தப் பாக்கியம் கிட்டுவதுண்டு.

ஆனால் பட்டம் கிடைத்துவிட்டதனால் வண்டி நேராகப் போய்விடும் என்று எண்ணக்கூடாது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இருவர் சந்தித்தால், முதலில் பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசுவார்கள், பிறகு, "உங்கள் வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது?" என்று விசாரிப்பார்கள். ஒருவர் வண்டி இடது பக்கம் இழுக்கும். மற்றவர் வண்டி வலது பக்கம் இழுக்கும். மூன்றாமவர் வண்டி இரண்டு பக்கமும் முறை வைத்துக்கொண்டு இழுக்கும். உடனே யாராவது, "வீல் அலைன்மெண்ட் பார்த்துவிடுங்கள், சரியாகப் போய்விடும்" என்று வைத்தியம் சொல்லுவார். அந்த வைத்தியம் என்ன, அது எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது என்பதைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்ல விரும்புகிறோம். கார் இல்லாத நேயர்களும் பொறுமையுடன் படிக்கலாம். கோணலை நிமிர்த்தும் வித்தை எல்லாருக்கும் என்றைக்காவது பயன்படும்.

தேரும் காரும்

மாட்டு வண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. இரண்டே சக்கரம், ஒரே அச்சு. திரும்ப வேண்டுமானால் மாடு திரும்பும். வண்டி அதன் பின்னோடு திரும்பும். வில்லங்கமெல்லாம் நான்கு சக்கரத்தில் ஆரம்பமாகிறது.

நம்முடைய கோயில் தேர்களைப் பாருங்கள். தேரின் சக்கரங்கள் நேரே போவதற்கென்று பூட்டப்பட்டவை. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்புவது அவற்றின் சுபாவத்தில் இல்லை. வீதி முனை வந்ததும் முட்டுக்கட்டைக்காரர்கள் வந்து சேரவேண்டும். ஒரு பக்கத்துச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வடத்தைப் பக்கவாட்டில் பிடித்து, ஆயிரம் பேர் "ஹோ" என்று இழுத்தால் தேர் அங்குலம் அங்குலமாகத் திரும்பும். அப்படித் திரும்பும்போது சக்கரங்கள் உருளுவதில்லை, தரையோடு அரைகின்றன. வருஷத்துக்கு ஒரு முறை, நான்கே நான்கு முனைகளில், சுவாமிக்காக இதைப் பொறுத்துக் கொள்ளலாம். தினந்தோறும் மயிலாப்பூரிலிருந்து மாம்பலத்துக்குப் போய் வருகிறவரால் பொறுத்துக் கொள்ள முடியாது.

ஐரோப்பாவில் நான்கு சக்கரக் குதிரை வண்டிகளுக்கு முன் அச்சையே நடுவில் ஓர் ஆணியில் பொருத்தி, அச்சு முழுவதையும் திருப்பி வந்தார்கள். திருப்பம் கடுமையாக இருந்தால் வண்டி குடை சாயும். மூனிச் நகரத்தில் வண்டி கட்டும் தொழில் செய்த லாங்கன்ஸ்பெர்கர் என்பவர், அச்சை அசையாமல் நிறுத்திவிட்டு, முனையிலுள்ள சக்கரங்களை மாத்திரம் தனித்தனியே திருப்பும்படி செய்தார். 1818-ல் அந்த முறைக்கு இங்கிலாந்தில் பேடண்ட் உரிமை வாங்கியவர் ருடால்ப் அக்கர்மான். யுக்தி ஒருவருடையது, பெயர் மற்றொருவருக்கு. இன்று வரையில் அதற்கு "அக்கர்மான் முறை" என்றுதான் பெயர். இந்த அக்கர்மான் யார் தெரியுமா? லண்டனில் சித்திரங்கள் அச்சிட்டு விற்றவர். 1809 முதல் படங்கள் நிறைந்த மாதப் பத்திரிகை ஒன்றை நடத்தியவர். பத்திரிகைக்காரர்களால் உலகத்துக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை என்று சொல்லுகிறவர்களுக்கு இதையே பதிலாகச் சொல்லி வைக்கிறோம்.

வளைவில் போகும் வண்டியின் உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும், வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் போகவேண்டியிருக்கிறது. ஆகையால் உட்புறச் சக்கரம் சற்று அதிகமாகத் திரும்பினால்தான் இரண்டும் அரையாமல் உருளும். அக்கர்மான் முறையின் சாரம் இவ்வளவுதான். இரண்டு சக்கரங்களையும் தனித்தனியே திரும்ப விட்டதனால் வந்த சௌகரியம் இது. அதே காரணத்தினால் ஓர் அசௌகரியமும் கூடவே வந்தது. தனித்தனியே திரும்பக்கூடியவை தனித்தனியே கோணிக்கொள்ளவும் கூடும் அல்லவா? கூட்டுக் குடும்பத்தைப் பிரித்தவர்களுக்கு இந்தத் தத்துவம் விளங்கும்.

மூன்று கோணங்கள்

முன் சக்கரத்தின் நிலையைத் தீர்மானிப்பவை முக்கியமாக மூன்று கோணங்கள். அவற்றுக்கு டோ, கேம்பர், காஸ்டர் என்று பெயர். பட்டறைக்காரர்கள் இவற்றை மந்திரம் போல் உச்சரிப்பார்கள். மந்திரத்துக்கு அர்த்தம் தெரிந்துகொள்வது நல்லது.

எழுந்து நின்று உங்கள் பாதங்களைப் பாருங்கள். இரண்டு கட்டை விரல்களும் சற்றே ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருந்தால், அதுதான் டோ-இன். விலகி நின்றால் டோ-அவுட். பின் சக்கரங்களால் ஓடும் பழைய கார்களில் முன் சக்கரங்களை இலேசாக உள்நோக்கி வைத்தார்கள். ஓடும்போது சாலை முன் சக்கரங்களைப் பின்னுக்குத் தள்ளுகிறது. மூட்டுகளில் உள்ள ரப்பரும் இடைவெளியும் இடம் கொடுப்பதால் சக்கரங்கள் கொஞ்சம் வெளிப்பக்கம் விரிகின்றன. நிற்கும்போது சற்று உள்நோக்கியிருந்தால், ஓடும்போது நேராகிவிடும். அந்தச் "சற்று" என்பது பெரும்பாலும் 1/16 அங்குலத்திலிருந்து 1/8 அங்குலம் வரைதான்.

இத்தனை சிறிய அளவுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சின்னக் கார் ஒன்றின் டயர் சுமார் 570 மில்லி மீட்டர் குறுக்களவு உள்ளது. இரண்டு சக்கரமும் சேர்ந்து 6 மில்லி மீட்டர் மாத்திரம் தப்பாக நிற்பதாக வைத்துக்கொள்ளுவோம். அதில் பாதியை ஒரு சக்கரத்துக்கு வகுத்தால், ஒவ்வொரு கிலோ மீட்டர் ஓட்டத்திலும் அந்த டயர் 5 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது. சென்னையிலிருந்து திருச்சி வரையில் சுமார் 320 கிலோ மீட்டர். போய்ச் சேருவதற்குள் டயர் உருண்டது 320 கிலோ மீட்டர்; குறுக்கே அரைந்தது ஒன்றரைக் கிலோ மீட்டருக்கு மேல். தேர் வீதி முனையில் செய்கிற காரியத்தை இந்த வண்டி வழி நெடுகச் செய்துகொண்டே போகிறது. முட்டுக்கட்டைக்காரர்கள் இல்லாதது ஒன்றுதான் வித்தியாசம்.

சக்கரத்தை எதிரே நின்று பார்க்கும்போது அதன் தலை வெளியே சாய்ந்திருந்தாலும் உள்ளே சாய்ந்திருந்தாலும் அந்தச் சாய்வுக்குக் கேம்பர் என்று பெயர். பழைய வண்டிகளில் தலையை இலேசாக வெளியே சாய்த்து வைப்பது வழக்கம். இரண்டு பக்கமும் சாய்வு சமமாக இல்லாவிட்டால், எந்தப் பக்கத்துச் சக்கரம் அதிகமாக வெளியே சாய்கிறதோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும்.

மூன்றாவதாகிய காஸ்டர்தான் கண்ணுக்குத் தெரியாதது. சைக்கிளின் முன் கவை செங்குத்தாக இல்லாமல் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சில பையன்கள் கைப்பிடியை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு சவாரி செய்வது அந்தச் சாய்வின் தைரியத்தில்தான். காரிலும் சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அந்த அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. அதனால்தான் வளைவிலிருந்து வெளிவந்ததும் ஸ்டியரிங் தானாகவே நடுவுக்குத் திரும்புகிறது. இந்தச் சாய்வு குறைந்தால் வண்டி அலையும். கூடினால் ஸ்டியரிங் கனக்கும். இரண்டு பக்கமும் வித்தியாசப்பட்டால், சாய்வு குறைந்த பக்கம் இழுக்கும்.

ஒரு ஹெரால்ட் வண்டியின் கதை

நமது நண்பர் ஒருவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மாமனார் வழியில் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வண்டி வந்து சேர்ந்தது. இந்த வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டுக்கு உருவம் அமைத்தவர் இத்தாலியரான மிக்கலாட்டி. 1961 முதல் அது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் நமது சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்தில் உற்பத்தியாயிற்று. இங்கிலாந்தில் இல்லாத நாலு கதவு ஹெரால்டைக்கூட இங்கே செய்தார்கள். 1980-களின் கடைசியில் அந்தத் தொழிற்சாலையின் மோட்டார் வண்டி உற்பத்தி நின்றுபோயிற்று. ஆனாலும் தமிழ் நாட்டு மண்ணில் உருவான வண்டி என்ற பாசம் பலருக்கு இன்னும் இருக்கிறது.

ஹெரால்டுக்கு இரண்டு பெருமைகள் உண்டு. சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். இந்த விஷயத்தில் ஆட்டோ ரிக்ஷாவுக்கு அடுத்தபடி அதைத்தான் சொல்லவேண்டும். இரண்டாவது, அதன் முன் மூடி மட்கார்டுகளோடு சேர்ந்து முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை செய்யலாம். முன் சக்கரத்தின் மூட்டு ஒவ்வொன்றும் பட்டப்பகல் போல் தெரியும். தெரிந்தாலும் பார்க்கிறவர் வேண்டுமே!

நண்பரின் வண்டி இடது பக்கம் இழுத்தது. மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் அலைந்தது. பள்ளிக்கூட விடுமுறையில் பேரக் குழந்தைகள் மூவரையும் ஏற்றிக்கொண்டு திண்டிவனத்துக்குப் போய்வருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். ஆகையால் நகரத்தில் பெரியதாக உள்ள அலைன்மெண்ட் நிலையம் ஒன்றுக்குப் போனார். அதன் பெயர் நமக்கு வேண்டாம். அங்கே நான்கு சக்கரங்களிலும் பலகைகள் மாட்டி, அவற்றைக் காமிராக்கள் பார்த்து, கம்ப்யூட்டர் திரையில் அளவுகள் தோன்றும். இயந்திரத்தை இயக்கிய பையன் மிகவும் மரியாதையுள்ளவன்.

"என்ன வண்டி, ஸார்?"

"ஹெரால்ட்."

"லிஸ்டில் இல்லையே, ஸார். பரவாயில்லை, இதே ஸைஸில் ஒரு வண்டியைப் போட்டுக்கிறேன்."

அவன் ஏதோ ஒரு புதிய வண்டியின் பெயரைத் தொட்டான். திரையில் எண்களெல்லாம் சிவப்பாக எரிந்தன. டை ராடுகளை இரண்டு திருகு திருகியதும் டோ அளவு பச்சையாயிற்று. மற்ற எண்கள் சிவப்பாகவே இருந்தன. "பழைய வண்டியில் அதெல்லாம் அட்ஜஸ்ட் ஆகாது, ஸார்" என்று சொல்லி, ஒரு காகிதத்தையும் அச்சிட்டுக் கொடுத்தான். நண்பர் அதைச் சர்ட்டிபிகேட்டைப் போல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வண்டி முன்போலவே அலைந்தது.

நல்ல வேளையாக, திண்டிவனம் போவதற்கு முன் யாரோ அவரைப் புதுப்பேட்டையில் ஒரு வயதான மேஸ்திரியிடம் அனுப்பினார்கள். மேஸ்திரி காகிதத்தை வாங்கிப் பார்க்கவில்லை. முன் பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டினார். "டொக், டொக்" என்றது. நண்பரை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மறுபடியும் ஆட்டினார். மறுபடியும் "டொக், டொக்."

"பேரிங் இல்லை, ஸார். பேரிங் ஆட்டமாயிருந்தால் பிரேக்கை மிதித்ததும் நின்றிருக்கும். இது கீழ் மூட்டு. இதற்கு என்ன போடுகிறீர்கள்?"

"கிரீஸ்தான், மேஸ்திரி. மாதம் தவறாமல் அடிக்கச் சொல்லுகிறேன்."

"அதுதான் வினை. இந்த வண்டிக்கு அந்த இடத்தில் கிரீஸ் கூடாது. தொண்ணூறு நம்பர் கியர் ஆயில் விடணும்."

ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த எஃகுத் தண்டின் அடியில் மரை வெட்டியிருக்கிறது. அது டிரன்னியன் என்னும் வெண்கல உறுப்பின் மரைக்குள் போய்ப் பொருந்துகிறது. நாம் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இந்தத் தண்டு அந்த மரையில் திருகித் திருகி அசைகிறது. கனமான கியர் ஆயில் அந்த மரைக்குள் இறங்கும். கிரீஸ் எங்கும் சரியாகப் போய்ச் சேராது. எண்ணெய் காணாத மரையில் தண்ணீர் புகுந்து துருப்பிடிக்கும். துரு தின்ற இடத்தில் விரிசல் விடும். ஒரு நாள் தண்டு ஒடியும். ஒடிந்தால் சக்கரம் மடங்கி, வண்டி முழங்கால் இட்டுவிடும். கொட்டகைக்குள் திருப்பும்போது ஒடிந்தால் மட்கார்டோடு போயிற்று. நெடுஞ்சாலையில் ஒடிந்தால் என்ன ஆகும் என்று எழுதி நேயர்களைக் கலங்கச் செய்ய நமக்கு விருப்பமில்லை.

மேஸ்திரி கீழ் மூட்டைக் கழற்றித் துணியில் துடைத்து நண்பரின் கையில் வைத்தார். மரை பாதி தேய்ந்திருந்தது. அதன் மேல் விளிம்பில் தலைமயிரைப் போல் ஒரு கோடு ஓடியது. நண்பர் அந்தக் கோட்டை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்த காகிதத்தை எடுத்து, "அப்படியானால் இது பொய்யா, மேஸ்திரி?" என்று கேட்டார்.

"பொய் இல்லை, ஸார். அன்றைக்கு அந்த மேடையில் வண்டி அசையாமல் நின்றதே, அந்த நிமிஷத்துக்கு அது நிஜம். கீழே இறங்கி முதல் ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினதும் சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போயிருக்கும். ஆடுகிற பல்லை நேராகப் பிடித்து வைத்துப் போட்டோ எடுத்தாற்போல."

அலைன்மெண்டைப் பற்றி நாம் கேட்ட வார்த்தைகளில் இதைவிடத் தெளிவானது வேறில்லை. மூட்டு ஆடிக்கொண்டிருக்கும்போது கோணத்தை அளப்பது வீண். அளவு என்பது கடைசிக் காரியம், முதற் காரியமல்ல. மூட்டுகளை இறுக்கமாக்கி, நிலை தவறாமல் நிற்கச் செய்த பிறகுதான் அது எங்கே நிற்கிறது என்று கேட்பதில் அர்த்தம் உண்டு.

இரண்டு பக்கத்துத் தண்டுகளும் டிரன்னியன்களும் புதிதாக மாற்றப்பட்டன. முன் கைகளின் ரப்பர் புஷ்களும் டை ராடு முனைகளும் மாற்றப்பட்டன. பிறகு மேஸ்திரி நூல் கட்டி டோவைச் சரி பார்த்தார். அதோடு அவர் நிற்கவில்லை. "நூலில் டோ பார்க்கலாம், ஸார். காஸ்டர் பார்க்க முடியாது. அதற்கு மெஷின்தான் சரி. அங்கேயே போங்கள், ஆனால் உங்கள் வண்டியின் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு போங்கள்" என்று சொல்லி அனுப்பினார். தன் வித்தையின் எல்லை எது என்று தெரிந்தவரே உண்மையான வித்வான்.

அதே நிலையத்தில் அதே பையன் இந்தத் தடவை புஸ்தகத்திலிருந்த எண்களைக் கையால் பதிவு செய்தான். ஹெரால்டில் கேம்பரும் காஸ்டரும் "அட்ஜஸ்ட்" ஆகாது என்பது தவறு. கீழ்க் கைகளின் பிடிப்புக்கும் சட்டத்துக்கும் நடுவே ஷிம் என்னும் மெல்லிய தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் இரண்டையும் திருத்தலாம். இடது பக்கத்துத் தகடுகள் முன்பு எப்போதோ இடம் மாறிப்போயிருந்தன. அவற்றைச் சரிப்படுத்திய பிறகு வண்டி கைப்பிடியை விட்டாலும் நேரே போயிற்று. குழந்தைகள் திண்டிவனம் போய்வந்தார்கள். பையனும், "ஷிம் வைத்துச் செய்வதை இன்றைக்குத்தான் பார்த்தேன், ஸார்" என்று சந்தோஷப்பட்டான். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாதது அவன் குற்றமல்ல.

வீட்டிலேயே செய்யக்கூடியது

நிலையத்துக்குப் போவதற்கு முன்னால் காசு செலவில்லாமல் செய்யக்கூடிய பரீட்சைகள் சில இருக்கின்றன. முதலாவது, டயர்களில் காற்று இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது. வண்டி இழுக்கிறது என்ற புகார்களில் சில இந்த இடத்திலேயே தீர்ந்துபோகும். இரண்டாவது, முன் டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்கே வைத்துத் தடவுவது. வெளிப்புறமிருந்து உட்புறம் தடவும்போது வழவழப்பாகவும், உட்புறமிருந்து வெளிப்புறம் தடவும்போது ரம்பம் போலவும் இருந்தால் டோ-இன் அதிகம். மாறாக இருந்தால் டோ-அவுட் அதிகம். டயர் எழுதி வைத்திருக்கும் தினசரிக் குறிப்பு இது; விரலால் படிக்கலாம்.

மூன்றாவது, மேஸ்திரி செய்ததுபோல் சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங்கும் மூட்டுகளும் தெரியும். இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினால் டை ராடு முனைகள் தெரியும். ஆனால் ஜாக்கியை மாத்திரம் நம்பி வண்டிக்கு அடியில் கையையோ தலையையோ நீட்டக்கூடாது. ஸ்டாண்டு கொடுத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டையும் கொடுக்க வேண்டும். முட்டுக்கட்டையின் உயர்வை நாம் முன்பே சொல்லியிருக்கிறோம்.

அம்பாஸடர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மாரிஸ் ஆக்ஸ்போர்ட் வண்டியிலிருந்து பிறந்து 2014 வரையில் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் உற்பத்தியான அந்த வண்டியை, முன் பக்கத்தில் சுருள் வில்லுக்குப் பதிலாக முறுக்குக் கம்பிகள் தாங்கின. வருஷக் கணக்கில் பாரம் சுமந்த கம்பி ஒரு பக்கம் தளர்ந்தால் வண்டி அந்தப் பக்கம் தாழ்ந்துவிடும். உயரத்தைச் சமப்படுத்தாமல் கோணத்தைச் சமப்படுத்துவது, சாய்ந்த சுவரில் படத்தை நேராக மாட்டுவதற்கு ஒப்பாகும்.

நூல் பிடிக்கும் முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். சமதளத்தில் ஸ்டியரிங்கை நடுவில் நிறுத்தி, வண்டியின் இரு பக்கமும், முன்னும் பின்னும் ஒரே தூரத்தில், தரையிலிருந்து சக்கரத்தின் மைய உயரத்தில் நூலை இழுத்துக் கட்டவேண்டும். நூல் வண்டியைத் தொடக்கூடாது. பின்பு ரிம்மின் முன் விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள தூரத்தையும், பின் விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள தூரத்தையும் அளந்தால் ஒவ்வொரு சக்கரமும் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று தனித்தனியாகத் தெரிந்துவிடும். வண்டியை ஜாக்கியில் தூக்கி இறக்கியிருந்தால், அளப்பதற்கு முன் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி, உட்கார விடவேண்டும். இரண்டு டை ராடுகளையும் சமமாகத் திருத்துவது அவசியம். ஒன்றையே திருகினால் டோ சரியாக இருக்கும். ஸ்டியரிங் கோணலாக நிற்கும். ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும்.

நிலையத்தில் கேட்கவேண்டியது

நிலையத்துக்குப் போகிறவர்கள் நான்கு விஷயங்களைத் தைரியமாகக் கேட்கலாம். ஒன்று, எதையும் தொடுவதற்கு முன் உள்ள அளவுகளை அச்சிட்டுக் கொடுக்கும்படி கேட்பது. இரண்டு, வண்டி பட்டியலில் இல்லாவிட்டால் புஸ்தகத்திலுள்ள எண்களைப் பதிவு செய்யச் சொல்வது. மூன்று, புஸ்தகத்தில் ஆசனங்களில் பாரம் வைத்து அளக்கவேண்டும் என்று இருந்தால் அவ்வாறே செய்யச் சொல்வது. ஸ்தூல தேகமுள்ள நண்பர்களை இந்தச் சந்தர்ப்பத்தில் அழைத்துப்போனால் மணல் மூட்டை தேடவேண்டியதில்லை. நான்கு, எந்த உறுப்பையும் வளைத்தோ சூடு காட்டியோ அளவுக்குக் கொண்டுவர விடாமல் இருப்பது.

புஸ்தகத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கில்லை. அந்த எண்கள், துணி இழைகள் குறுக்கும் நெடுக்குமாய்ப் பின்னிய பழைய கிராஸ்-பிளை டயர்களுக்காக ஏற்பட்டவை. 1946-ல் மிஷலின் கம்பெனி பேடண்ட் பெற்ற ரேடியல் டயர், பின்னால் எங்கும் பரவிவிட்டது. ரேடியல் போட்ட பழைய வண்டிக்கு டோ-இன் பொதுவாகச் சற்றுக் குறைவாக இருந்தாலே போதும். புஸ்தகத்து எண்ணில் ஆரம்பித்து, ஆயிரம் கிலோ மீட்டர் ஓடிய பிறகு டயரை விரலால் தடவிப் பார்த்து, வேண்டுமானால் இலேசாக மாற்றிக்கொள்ளுவதே புத்திசாலித்தனம். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியலும் மறு பக்கம் கிராஸ்-பிளையும் போடுவது மட்டும் ஒருபோதும் கூடாது.

தச்சனுடைய நூல் மரத்தின் கோணலைத் தீர்ப்பதுபோலப் புலவனுடைய நூல் மனத்தின் கோணலைத் தீர்க்கும் என்று பவணந்தி முனிவர் தமது நன்னூலில் உவமை சொல்லியிருக்கிறார். இழைக்கும் ஏட்டுக்கும் தமிழில் ஒரே சொல் அமைந்ததன் பொருத்தத்தைப் பழைய கார்க்காரர்களைப் போல் உணர்ந்தவர்கள் இருக்க முடியாது. அவர்களுக்கு இரண்டு நூலும் வேண்டும்: புதுப்பேட்டை மேஸ்திரி கட்டிய நூல் ஒன்று, வண்டியோடு வந்த நூல் மற்றொன்று. காமிராவும் கம்ப்யூட்டரும் மூன்றாவதாக வந்து சேர்ந்த நல்ல நூல். ஆனால் எந்த நூலாயிருந்தாலும் அது கோணலைக் காட்டும், தானாக நிமிர்த்தாது. நிமிர்த்துவதற்கு முன்னால் ஆடுகிறதை ஆடாமல் நிறுத்த ஒரு கை வேண்டும். அந்தக் கைகளில் பலவற்றுக்கு வயதாகிவிட்டது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் பையன்களுக்கு அவை வித்தையைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். பழைய வண்டிகளைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொள்ளுகிறவர்கள் அடுத்த முறை மேஸ்திரியிடம் போகும்போது அப்படி ஒரு பையனையும் கூட அழைத்துப் போவார்களாக.